சித்தப்பாவின் ரெண்டங்குல மூச்சு

நம்ம வயசுக்காரங்க வீட்டுல எல்லாம் இப்ப ரத்தத்துல ஆக்சிஜன் எம்புட்டுன்னு காட்டுற, விரல்ல மாட்டுற அந்தக் குட்டி மிஷின் ஒண்ணு கிடக்கு. காபி குடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை, குடிச்ச பின்னாடி ஒரு தடவை மாட்டிப் பாக்குற ஆளுகளை எனக்குத் தெரியும். என்கூட எட்டாவது படிச்சவ ஒருத்தி சின்னமனூர்ல இருக்கா. விடிஞ்சதும் போன் பண்ணி, எனக்குத் தொண்ணூத்தாறு, உனக்கு எம்புட்டுங்கிறா. பள்ளிக்கூடத்துல மார்க்கு வாங்குறப்பகூட அவ இப்படிப் போட்டிக்கு வந்தவ இல்ல.

நான் முப்பது வருசத்துக்கு மேல நர்சா இருந்தவ. மூச்சு இரைக்குதுன்னு வந்தவகளுக்கு மாஸ்க்கு மாட்டி, முதுகத் தடவி, பயப்படாதீக, மெதுவா விடுங்கன்னு சொல்லிச் சொல்லியே ரிட்டயர் ஆனவ. ஆனா மூச்சு விசயத்துல என்கிட்ட மாட்டுன மொத ஆளு எங்க சித்தப்பா. அவரை நான் பட்டப்பகல்ல, நூறு பேரு பாக்க, தடால்னு விழ வச்சேன். வெக்கத்த விட்டு அந்தக் கதையச் சொல்லிப்புடுறேன்.

எழுபதுகளோட கடைசி. எங்களுக்குக் காமயகவுண்டன்பட்டி. அப்பா ஒண்ணரை ஏக்கர்ல பன்னீர் திராட்சை வச்சிருந்தாக. கல்லுக்கால் நட்டு, கம்பி இழுத்து, மேல கொடி படர்ந்து கிடக்கும். உள்ள நடந்தா நடுமத்தியானத்துலயும் பச்சை வெளிச்சமா, ஜில்லுனு இருக்கும். மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைச்சு மருந்தடிக்கிற அன்னைக்கு அப்பா நீலக் கையோட திரிவாக, ரெண்டு நாளைக்குச் சாயம் போகாது. அப்பாவுக்கு உலகத்துல தெரிஞ்சது திராட்சை ஒண்ணுதான். எதைப் பத்திப் பேச்சை ஆரம்பிச்சாலும் சுத்தி வளைச்சுப் பந்தலுக்குள்ள வந்து நுழைஞ்சிருவாக. எனக்குச் சளி பிடிச்சாக்கூட, வேர்ல தண்ணி நிக்கிதும்பாக.

சித்தப்பா அப்பாவுக்கு ஒரே தம்பி, பதினஞ்சு வயசு இளையவரு. அவருக்கு ஆறு வயசு இருக்கும்போதே அவுக அய்யா தவறிட்டாக. அதுக்கப்புறம் வளத்தது முழுக்க எங்கப்பாதான். தகப்பன் இல்லாத பயன்னு ஊர்ல ஒருத்தரும் உச்சுக்கொட்டிரக் கூடாதுன்னு அப்பாவுக்கு ஒரு வைராக்கியம். அதனால எந்நேரமும், "ஏலே, நெஞ்ச நிமித்துடா"ன்னு ஒரு அதட்டு. சித்தப்பா சோறு திங்கும்போதும் நிமிந்துதான், சைக்கிள் மிதிக்கும்போதும் நிமிந்துதான். அப்பாவோட செருப்புச் சத்தம் கேட்டாப் போதும், படுத்துக் கிடந்தவரு எந்திரிச்சு நெஞ்சத் தூக்கிக்கிட்டு நிப்பாரு. அதப் பாத்து நானும் அம்மாவும் விழுந்து விழுந்து சிரிப்போம்.

அந்த வருசம் கோம்பையில சித்தப்பாவுக்குப் பொண்ணு பாக்கப் போனோம். பொண்ணு வீட்டு வாசல்ல ஒரு செவலை நாய், கருத்த மூஞ்சி. கோம்பை நாயோட கோவத்தப் பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா. அது வந்து சித்தப்பாவ மோந்து பாத்துச்சு. மனுசன் மூச்சக்கூட விடாம, நெஞ்சு புடைக்க, கல்லுக்கால் கணக்கா நின்னாரு. கதவுக்குப் பின்னால இருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்துச்சு. அந்தச் சிரிப்புலதான் சித்தப்பா விழுந்தாரு. வீட்டுக்கு வந்தும் ரெண்டு நாளைக்கு அந்த நாயப் பத்தியே பேசுனாரு, எங்களுக்குப் புரிஞ்சு போச்சு.

பொண்ணுக்கும் சம்மதம். ஆனா பொண்ணோட அப்பா ஒரு கொக்கி போட்டாக. அவுகளும் திராட்சைக்காரவுகதான். பழம் பழுத்து நிக்கிறப்ப ஒரு மழை விழுந்தா அம்புட்டும் வெடிச்சுப் போகுமே, அந்த வயித்தெரிச்சல் போதும், எம் மகளுக்கும் அது வேணாம்னு தீத்துச் சொல்லிட்டாக. மழை பேஞ்சாலும் வெயில் அடிச்சாலும் சம்பளம் வர்ற மாப்பிள்ளைதான் வேணுமாம். சித்தப்பா போலீசு செலக்சனுக்குப் போய்க்கிட்டு இருந்தது அவுகளுக்குத் தெரியும். "காக்கிச் சட்டையோட வாங்க, பொண்ணக் கூட்டிட்டுப் போங்க. இந்தத் தடவையும் ஆகலைன்னா நான் வேற இடம் பாத்துக்கிறேன்"னு முடிச்சிட்டாக.

இந்தத் தடவையும்னு ஏன் சொன்னாகன்னா, போன தடவை சித்தப்பா தேறல. ஓட்டத்துல முதல், கயிறு ஏறுறதுல முதல். கடைசியில நெஞ்சளவுலதான் கவுந்துட்டாரு. சும்மா நிக்கும்போது முப்பத்திரண்டு அங்குலம் இருந்தாப் போதும். ஆனா மூச்ச இழுத்தா அதுக்கு மேல ரெண்டு அங்குலம் விரியணும். சித்தப்பாவுக்குச் சும்மா நிக்கும்போதே முப்பத்து மூணரை. ஆகான்னு இருந்துச்சாம். மூச்ச இழுத்தா முப்பத்தஞ்சுல போய் நின்னுபோச்சு. ஒண்ணரைதான் விரிஞ்சிருக்கு. அரை அங்குலத்துல வேலை போச்சு. வயசு வரம்பு வேற நெருங்கிருச்சு, வரப்போற செலக்சன்தான் கடைசி. அரை அங்குலம் மூச்சுக்குள்ள வேலையும் பொண்ணும் சேந்து மாட்டிக்கிட்டு நின்னுச்சு.

இந்த நேரம் பாத்து எங்க வகுப்புல நுரையீரல் பாடம் வந்துச்சு. சயின்ஸ் டீச்சர் ராயப்பன்பட்டியிலேர்ந்து பஸ்ல வருவாக. அன்னைக்குக் கையில ஒரு தேக்கிலைப் பொட்டலம். பிரிச்சா, ஆட்டு நுரையீரல்! கறிக்கடையில சொல்லி வச்சு வாங்கியாந்திருக்காக. ஈரமா, தொவண்டு போய், அழுக்குத் துணி மாதிரி கிடந்துச்சு. அதோட மூச்சுக் குழாய்க்குள்ள ஒரு பப்பாளித் தண்டச் சொருகி, சணல் கட்டி, ஊதுங்கன்னாக. ஒருத்தி ஊதுனா பாருங்க, அப்படியே ரோஸ் நிறத்துக்கு மாறிப் புசுபுசுன்னு எந்திரிச்சு வந்துச்சு. பச்சை ரத்த வாடையும் பப்பாளிப் பால் வாடையும் சேந்து அடிச்சதுல முன் பெஞ்சுக்காரி ஒருத்தி எந்திரிச்சு வெளிய ஓடிட்டா. மத்தவளுக எல்லாம் அடுத்து யாரு ஊதுறதுன்னு அடிதடி. அதுல நானும் ஒருத்தி.

டீச்சர் பாடத்தையும் நடத்துனாக. நம்ம நெஞ்சுக்குள்ள இருக்கிறது ரெண்டு வெறும் பை இல்ல. குழாய் கிளை கிளையாப் பிரிஞ்சு போய், நுனியில திராட்சைக் குலை மாதிரி கோடிக்கணக்கான குட்டிப் பைக தொங்குது. ஒவ்வொரு பையோட சுவரும் வெங்காயத் தோலவிட மெல்லிசு. சுவருக்கு இந்தப் பக்கம் காத்து, அந்தப் பக்கம் ரத்தம். எங்களுக்குப் புரியலன்னு தெரிஞ்சதும் டீச்சர் கேரளா எல்லையில இருக்கிற குமுளி செக்போஸ்ட்ட இழுத்தாக. நம்ம பக்கம் அரிசி காய்கறி நெறைய, அங்க கொஞ்சம். அதனால அது மேல போகுது. அங்க ஏலக்காய் மிளகு நெறைய, இங்க கொஞ்சம். அதனால அது கீழ வருது. யாரும் பிடிச்சுத் தள்ள வேண்டியதில்ல. எது எங்க நெறைய இருக்கோ, அது கொறைய இருக்கிற பக்கம் தானாப் போயிரும். ஆக்சிஜன் காத்துல நெறைய, அதனால சுவர் வழியா ரத்தத்துக்குள்ள போகும். கரிக்காத்து, அதான் கரியமில வாயு, ரத்தத்துல நெறைய, அதனால வெளிய வரும். ரத்தம் ஒரு லாரி. லோடு இறக்கிட்டுச் சும்மா திரும்பாது, ரிட்டன் லோடு ஏத்திக்கிட்டுத்தான் வரும். எங்க வகுப்புல பாதிப் பேரோட அப்பன்மாருக்கு லாரித் தொழில், டக்குனு புரிஞ்சிருச்சு.

எனக்கு ஒரே பரபரப்பு. சித்தப்பாவ நம்மதான் கரையேத்தப் போறோம்னு நெனைப்பு. வீட்டுக்கு ஓடுனேன். அப்பா, சித்தப்பா, அம்மா மூணு பேரையும் உக்கார வச்சு, கரித்துண்டால செவத்துல நுரையீரல் வரைஞ்சு, ஒரு மணி நேரம் பாடம் எடுத்தேன். அப்பா பாதியிலயே கையக் காட்டி நிறுத்துனாக.

"நில்லுத்தா. உள்ள இருக்கிறது திராட்சைக் குலைங்கிற?"

குலை மாதிரின்னு சொன்னேன். மாதிரிங்கிறது அவுக காதுல விழல. இம்புட்டுதானா விசயம், இதுக்கா ஒரு வருசம் போச்சுங்கிற மாதிரி முகம் மலர்ந்து போச்சு. குலையப் பெருக்க வைக்கத் தெரியாதா எனக்குன்னாக. அன்னைக்கே அப்பாவோட வைத்தியம் ஆரம்பம்.

திராட்சைக்காரவுகளுக்குத் தெரியும். கொடியக் கவாத்து வெட்டுறதுக்கு முன்னாடி தோட்டத்தத் தண்ணி விடாமக் காயப் போடணும். அப்பத்தான் அடுத்த தண்ணிக்குக் கொடி வெறியோட கிளம்பும். அதனால சித்தப்பாவுக்கு மூணு நாளைக்கு ஒரு வேளைக்கு ஒரு டம்ளர்தான் தண்ணி. நாலாம் நாள் குடங்குடமாக் குடிக்கச் சொன்னாக. மனுசன் அன்னைக்கு முழுக்கக் கொல்லைப்பக்கம் போறதும் வர்றதுமா இருந்தாரு. அடுத்தது, கொடி பந்தல்ல தொங்குனாத்தான் குலை நீளும். தினமும் காலையில தோட்டத்துப் புளியமரக் கிளையில சித்தப்பா ரெண்டு கையாலயும் தொங்கணும், கீழ நின்னு அப்பா நூறு வரைக்கும் எண்ணுவாக. அதுக்கப்புறம் இலை கிள்ளுறது. குலையச் சுத்தி இலை அடைச்சுக் கிடந்தா காத்தோட்டம் இருக்காது, பழம் பெருக்காதுல்ல? அதனால நாவிதரக் கூப்பிட்டு வந்து சித்தப்பாவோட நெஞ்சு முடிய மழுங்கச் செரைச்சிட்டாக. அந்தக் கோலத்துல சித்தப்பா கிணத்துல குளிக்கப் போக வெக்கப்பட்டு, ஒரு வாரம் சட்டையோட குளிச்சாரு. மயில்துத்தம் கரைச்சு அவர் மேல அடிக்கல, அம்புட்டுதான். அதுவும் அம்மா ஸ்பிரேயரத் தூக்கி ஒளிச்சு வச்சதுனால.

அம்மாகிட்ட தையல் மிஷின் இருந்துச்சு, இஞ்சு டேப்பும் இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அளவு எடுக்கும். அப்பா எதுக்க நிப்பாக. அம்மா டேப்பச் சுத்துனதும் அப்பா, "ஏலே, நிமித்து"ம்பாக. முப்பத்து மூணரை. மூச்ச இழுடாம்பாக. முப்பத்தஞ்சு. ஒவ்வொரு வாரமும் அதே ஒண்ணரை. அம்மாவுக்கு மட்டும் லேசா ஒரு சந்தேகம். கொழுந்தனாரு சும்மா நிக்கிறப்பவே சும்மா நிக்கலையேன்னு ஒரு தடவை சொல்லுச்சு. உனக்கு என்ன தெரியும், சோத்த வடின்னாக அப்பா. நானும் சேந்துதான் சிரிச்சேன். நுரையீரலப் பத்திப் படிச்சவ நான் இருக்கேன், அம்மாவுக்கு என்ன தெரியும்னு.

திராட்சை வைத்தியம் பலிக்கலன்னதும் நான் என் வைத்தியத்த எடுத்தேன். சித்தப்பாவத் தனியாக் கூப்பிட்டு, வெவரமாச் சொன்னேன். ஒரு மூச்சுக்கு ஒரு லோடு ஆக்சிஜன்னா, வேக வேகமா அம்பது மூச்சு இழுத்தா அம்பது லோடு. அம்புட்டும் உள்ள அடைஞ்சா நெஞ்சு விரியாம எங்க போகும்? அளக்கப் போறதுக்குக் கொஞ்சம் முன்னாடி இழுத்து ஏத்திக்கிட்டாப் போதும். முதல்ல நானே செஞ்சு பாத்தேன். முப்பது மூச்சுலயே உதடு குறுகுறுன்னுச்சு, விரல் நுனியெல்லாம் எறும்பு ஊறுச்சு. ஆக்சிஜன் வந்து சேந்துருச்சுன்னு எனக்கு ஒரே சந்தோசம். உடம்பு கெஞ்சுறது எனக்கு வெற்றி முழக்கமாக் கேட்டுருக்கு, பாருங்க.

செலக்சன் மதுரையில. நான் கூட வந்தாத்தான் மூச்சு எண்ணிக்கை சரியா இருக்கும்னு சித்தப்பா பிடிவாதம் பிடிச்சாரு. விடியக்காலம் முதல் பஸ்ல அப்பா, சித்தப்பா, நான் மூணு பேரும் கிளம்புனோம். மைதானத்தச் சுத்திக் கம்பி வேலி. வேலிக்கு வெளிய கூட வந்தவுக கூட்டம். நல்லதா கெட்டதா தெரியல, நெஞ்சு அளக்குற மேசைய வேலிக்குப் பக்கத்துல வேப்பமர நிழல்ல போட்டிருந்தாக. டேப்போட ஒரு ஏட்டு, நாக்காலியில ஒரு டாக்டரு. சித்தப்பா ஓடி முடிச்சு, கயிறு ஏறி முடிச்சு, சட்டையில்லாம வரிசையில வந்து நின்னாரு. முகம் வெளிறிப் போயிருந்துச்சு. நான் வேலிக்கம்பியப் பிடிச்சுக்கிட்டுத் தலைய ஆட்டுனேன். ஆரம்பிச்சிட்டாரு.

புஸ்ஸு புஸ்ஸுன்னு துருத்தி ஊதுற மாதிரி இழுக்குறாரு. முன்னால நின்னவன் திரும்பித் திரும்பிப் பாக்குறான். நான் விரல்விட்டு எண்ணுறேன். முப்பத்தஞ்சுல சித்தப்பாவோட கைவிரல் கோழிக்கால் மாதிரி மடங்கிருச்சு. நாப்பதுல கண்ணு சொருகுது. நான் நிறுத்தச் சொல்லல. அம்பதுன்னு பேசியிருக்கோம்ல. சரியா அம்பதாவது மூச்சுக்கு அவர் முறை வந்துச்சு. ஏட்டு டேப்பச் சுத்துனாரு. சும்மா நில்லுப்பான்னாரு. சித்தப்பா நெஞ்சத் தூக்குனாரு. முப்பத்து மூணரைன்னு ஏட்டு குரல் குடுத்தாரு. இழுன்னாரு. இழுக்கல. சித்தப்பா அப்படியே ஏட்டு மேல சாஞ்சு, ரெண்டு பேருமாத் தரையில விழுந்தாக. டேப்பு ரெண்டு பேரையும் சேத்துச் சுத்திக் கிடந்துச்சு.

நான் கொன்னுட்டேன்னு நெனச்சேன். அழக்கூட வரல. அப்பா வேலிமேல ஏறப் பாத்தாக, வேட்டி கம்பியில மாட்டிக்கிச்சு.

பின்னால நர்சிங் படிக்கும்போதுதான் எனக்கு இது வெளங்குச்சு. ரத்த லாரி சாதாரண மூச்சுலயே கிட்டத்தட்ட முழு லோடு ஏத்திக்கிட்டுத்தான் போகுது. அம்பது தடவை இழுத்தாலும் மேல ஏத்த இடம் கிடையாது. ஆனா கரிக்காத்து மட்டும் அளவுக்கு மீறி வெளிய போயிரும். அதக் கழிவுன்னு நெனைக்கிறோம். அது கொஞ்சம் உள்ள இருந்தாத்தான் மூளைக்குப் போற ரத்தக் குழாய் விரிஞ்சு இருக்கும். அது கொறைஞ்சா குழாய் சுருங்கும், தல சுத்தும், உதடு குறுகுறுக்கும், விரல் மடங்கும். நான் சித்தப்பாவுக்கு ஒரு லோடும் ஏத்தல, இருந்ததையும் காலி பண்ணி விட்டுருக்கேன்.

டாக்டரு நல்ல மனுசன், பதறல. சித்தப்பாவ பெஞ்சுல படுக்க வச்சு, வாய மூடிக்கிட்டு மூக்கால மெதுவா விடச் சொன்னாரு. கொஞ்ச நேரத்துல விரல் பிரிஞ்சுச்சு, முகத்துல ரத்தம் வந்துச்சு. எந்திரிச்சு உக்காந்தாரு. உடம்புல தெம்பே இல்ல, தோளு தொங்கிப் போச்சு, நெஞ்சு ஒடுங்கிப் போச்சு. என் ஆயுசுல சித்தப்பாவ அப்படி நான் பாத்ததே இல்ல. டாக்டரு அந்த நெஞ்சையே பாத்துக்கிட்டு இருந்தாரு. பிறகு ஏட்டுகிட்ட கைய நீட்டி டேப்ப வாங்கி, இப்படியே நில்லுன்னு தானே அளந்தாரு.

முப்பத்திரண்டரை.

இப்ப இழுன்னாரு. சித்தப்பா பயந்து பயந்து இழுத்தாரு. முப்பத்தஞ்சு. ஏட்டு டாக்டரப் பாக்குறாரு, டாக்டரு ஏட்டப் பாக்குறாரு. ரெண்டரை அங்குலம். போன தடவை ஒண்ணரைதாங்க விரிஞ்சுச்சுன்னாரு சித்தப்பா. போன தடவையே தேறியிருக்க வேண்டியவன்யா இவன்னாரு டாக்டரு. சும்மா நில்லுன்னு சொல்றப்ப எல்லாம் பாதி மூச்ச உள்ள பிடிச்சு வச்சுக்கிட்டே நின்னுருக்கான், அப்புறம் இழுக்க எங்க இடம் இருக்கும்? உள்ள இருக்கிறத விட்டாத்தானே புதுசு போகும். இத எங்க டீச்சர் சொல்லாமயா இருந்துருப்பாக. அப்ப நான் பப்பாளித் தண்டுக்குச் சண்டை போட்டுக்கிட்டு இருந்துருப்பேன்.

டாக்டரு டேப்பச் சுருட்டிக்கிட்டே கேட்டாரு. "யாருப்பா ஒன்ன எந்நேரமும் இப்படி வெறைச்சுக்கிட்டு நிக்கச் சொல்லிக் குடுத்தது?"

வேலிக்கு இந்தப் பக்கம், கிழிஞ்ச வேட்டியோட அப்பா நின்னாக. பத்தடி தூரம்கூட இல்ல. சித்தப்பா ஒரு தடவை திரும்பிப் பாத்தாரு.

"யாரும் சொல்லலைங்க. நானாத்தான்."

அப்பா தலையக் குனிஞ்சுக்கிட்டாக. எனக்கு அப்ப வெவரம் தெரியாத வயசு. பாஸாயிட்டாரு, அப்பா ஏன் இப்படி நிக்கிறாக, என் மேல கோவமோன்னு பயந்தேன். பதினெட்டு வருசமா ஒரு பய தன் முன்னால முழுசா மூச்சு விட்டதில்லங்கிறது ஒரு மனுசனுக்கு அன்னைக்குத்தான் உறைச்சிருக்கு. அத நான் வெளங்கிக்கிட நானும் ரெண்டு பிள்ளைகள அதட்டி வளக்க வேண்டியிருந்துச்சு.

வைகாசியில கோம்பையில கல்யாணம் நடந்துச்சு. பொண்ணோட அப்பா காக்கிச் சட்டையத் தொட்டுப் பாத்துட்டுத்தான் மாலைய எடுத்துக் குடுத்தாக. கல்யாணச் சாப்பாடுல என்ன போட்டாகன்னுகூட இப்ப எனக்கு நெனைப்பில்ல. செலக்சன் முடிஞ்சு அன்னைக்குத் திரும்பி வந்த பஸ்ஸுதான் நெனைப்புல நிக்குது.

மதுரையில பஸ் ஏறுனதும் அப்பா சன்னலோரச் சீட்ட சித்தப்பாவுக்கு விட்டாக. சித்தப்பா எப்பவும் போல முதுகு சீட்டுல படாம, நிமிந்து உக்காந்தாரு. பஸ் ஊரத் தாண்டுச்சு. அப்பா கைய நீட்டி, சித்தப்பாவோட தோளப் பிடிச்சு மெதுவாப் பின்னால தள்ளுனாக.

"சாஞ்சு உக்காருய்யா"ன்னாக.

சித்தப்பா அப்பா மூஞ்சியப் பாத்தாரு. நிசமாத்தான் சொல்றாகளான்னு ஒரு சந்தேகம். பிறகு கொஞ்சங் கொஞ்சமாச் சாஞ்சாரு. உசிலம்பட்டி வர்றதுக்குள்ள வாயத் திறந்துக்கிட்டுத் தூங்கிட்டாரு. நெஞ்சு நல்லா ஏறி, நல்லா இறங்குச்சு. ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டுற வரைக்கும் அப்பா அதையே பாத்துக்கிட்டு வந்தாக.